முட்டை வளரவும் ஊசி, தடுக்கவும் ஊசியா? செட்ரோரெலிக்ஸ் போட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க

தாமரைஇலை (ராஜபாளையம்), ஞாயிறு இரவு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதுறது இதான் மொத தடவ. வயசு 31, கல்யாணமாகி ஆறரை வருஷம், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கு, முட்டை இருப்ப காட்டுற ஏஎம்ஹெச் டெஸ்ட் 7.4. விந்த கர்ப்பப்பைக்குள்ள செலுத்துற ஐயுஐ நாலு தடவ பண்ணியும் நிக்கல. இப்ப மதுரைல ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் முறை) ஆரம்பிச்சிருக்கோம். பீரியட்ஸ் ரெண்டாம் நாளு, அதாவது போன புதன்ல இருந்து, முட்டை வளர்றதுக்கு எஃப்எஸ்ஹெச் ஊசி தினம் 150 யூனிட் போய்ட்டு இருக்கு. அத எங்க தெருவுல ஒரு க்ளினிக் நர்ஸக்கா போட்டு விடுறாங்க.

இன்னைக்கு அஞ்சாம் நாள் ஸ்கேன்ல பெரிய ஃபாலிக்கிள் (முட்டை வளர்ற பை) 13 மி.மீ., மத்ததெல்லாம் 9, 10, 11ன்னு ரெண்டு பக்கமும் நெறைய இருக்குன்னாங்க. நாளைக்கு சாயங்காலம் 7 மணில இருந்து தினம் செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. சேத்து போடணும், முதல் ஊசிய மட்டும் இங்க வந்து போட்டுட்டு அர மணி நேரம் உக்காந்துட்டு போங்க, மீதிய வீட்டுல போட்டுக்கலாம்னு சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன், "ஹார்மோன தடுக்குறதுக்கு"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டாங்க, வெளிய முப்பது பேரு உக்காந்திருக்காங்க, மேல கேக்க எனக்கும் வாய் வரல.

வெளிய மருந்துக் கடைல வாங்கும்போது அங்க இருந்த பையன் இன்னொருத்தர்ட்ட "இது கேன்சர் ஊசி வகை"ன்னு சொன்னது என் காதுல விழுந்துருச்சு. வர்ற வழில பஸ்ஸுல போன எடுத்து பாத்தா அதுவேதான் போட்டிருக்கு, ப்ராஸ்டேட் கேன்சருக்கு ஹார்மோன தடுக்குற ஊசின்னு. எங்க பெரியம்மா பொண்ணு அஞ்சாறு வருஷம் முன்னாடி ஐவிஎஃப் பண்ணப்ப லூப்ரோலைட்னு ஒண்ணு இருவது நாளைக்கு மேல போட்டு, உடம்பெல்லாம் தகதகன்னு சூடு, தலவலி, ராத்திரி தூக்கம் இல்லாம அழுதது எல்லாம் எனக்கு தெரியும். அதுவும் இதுவும் ஒண்ணா? ஒரு பக்கம் முட்டை வளர ஊசி போட்டுட்டு இன்னொரு பக்கம் தடுக்க ஊசி போட்டா வளர்ந்ததெல்லாம் அப்படியே நின்னு போயிராதா? பின்னாடி குழந்தைக்கு எதாச்சும் ஆகுமா? வீட்டுக்காரர் திருப்பூர்ல வேல பாக்குறார், சனிக்கிழமதான் வருவார், அத்தைட்ட இதெல்லாம் கேக்க முடியாது. போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க, நாளைக்கு மத்தியானம் கெளம்பணும்.

செவ்வந்தி_திண்டுக்கல், ஞாயிறு இரவு:

தங்கச்சி மொதல்ல அழாம தூங்குமா. நான் ரெண்டு தடவ போட்டவ, எனக்கும் பிசிஓஎஸ்தான். உங்க பெரியம்மா பொண்ணு போட்டது வேற முறை, அதுக்கு லாங் ப்ரோட்டோகால்னு பேரு, போன மாச பீரியட்ஸோட 21ஆம் நாள் வாக்குல ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போல மொதல்ல எல்லாத்தையும் அடக்கி வச்சுட்டு அப்புறம்தான் முட்டை ஊசி, அந்த அடக்கி வைக்கிற நாள்லதான் சூடும் தலவலியும். உனக்கு குடுக்குறது கடைசி நாலஞ்சு நாளைக்கு மட்டும் போடுறது. எனக்கு சூடு வரல, எரிச்சல் வரல, வந்தது ஒண்ணே ஒண்ணு, ஊசி போட்ட எடத்துல எட்டணா அளவுக்கு சிவந்து தடிச்சு அரிக்கும், ஒரு மணி நேரத்துல போயிரும். மொத தடவ பாத்தப்ப எனக்கு குலையே நடுங்கிருச்சு, அதான் முன்னாடியே சொல்றேன். மூச்சு முட்டுறது, மூஞ்சி வீங்குறது, உடம்பெல்லாம் தடிப்பு வர்றது அப்படின்னா அது வேற, உடனே ஆஸ்பத்திரி. அந்த அர மணி நேரம் உக்கார சொல்றது அதுக்குத்தான், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துராத.

இந்த ஊசி பவுடரா வரும், தண்ணி தனியா சிரிஞ்சுல இருக்கும். வீட்டுல போடுற அக்காவுக்கு பழக்கம் இல்லன்னா நாளைக்கு நர்ஸ் கலக்குறப்ப கேட்டுட்டு போன்ல வீடியோ எடுத்துக்க. தண்ணிய மெதுவா பவுடர்ல எறக்கணும், பாட்டில குலுக்கவே கூடாது, உருட்டி உருட்டி கலக்கணும், குலுக்குனா நொரை வந்து மருந்து எடுக்க வராது. தண்ணி மாதிரி தெளிஞ்சாதான் எடுக்கணும். எங்க ஊருல போட்ட அம்மா மொத நாள் பாட்டில்ல கால்வாசி மருந்த விட்டுட்டாங்க, நாந்தான் பாத்து பாட்டில கவுத்து சாச்சு முழுசா எடுக்க சொன்னேன். கலக்குறதுக்கு ஒரு தடி ஊசி, போடுறதுக்கு ஒரு மெல்லிசு ஊசி, ரெண்டு டப்பாலயே இருக்கும், மாத்தாம தடி ஊசியாலயே குத்திட்டா வலி உசுரு போகும். தொப்புளுக்கு கீழ, ஒரு இன்ச்சாவது தள்ளி, தோல கிள்ளி புடிச்சு கொழுப்புல போடணும். கைலயோ இடுப்புலயோ சதைல போடுற ஊசி இல்ல இது. இன்னைக்கு எடது பக்கம்னா நாளைக்கு வலது பக்கம்.

பச்சைக்கிளி_ஸ்டாஃப், திங்கள் காலை:

நான் ஒரு கருத்தரிப்பு மையத்துல ஒம்போது வருஷமா நர்ஸா இருக்கேன், ஊரு பேரெல்லாம் வேண்டாம். அக்கா சொன்னது அத்தனையும் சரி. "தடுக்க ஊசி எதுக்கு"ன்னு கேட்டீங்கள்ல, அத சொல்றேன், இந்த கேள்விய தினம் கேக்குறாங்க, நின்னு பதில் சொல்ல எங்களுக்கு நேரம் குடுக்குறதில்லைங்கறது எனக்கே மனசு உறுத்துற விஷயம்.

மூளைக்கு அடில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுல இருந்துதான் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ரெண்டும் வருது. அத சுரக்க சொல்லி மேல இருந்து கட்டளை குடுக்குறது ஜிஎன்ஆர்ஹெச்னு இன்னொரு ஹார்மோன். சாதாரண மாசத்துல ஒரு முட்டை பெருசாகி அதுல இருந்து ஈஸ்ட்ரோஜன் ஏறி ஒரு அளவ தொட்டதும் எல்ஹெச் ஒரேயடியா மேல ஏறும், முட்டை வெடிச்சு வெளிய வரும். இப்ப உங்களுக்கு பத்து பதினஞ்சு முட்டை ஒண்ணா வளருது, ஒவ்வொண்ணுல இருந்தும் கொஞ்சம் கொஞ்சமா ஈஸ்ட்ரோஜன் சேந்தா என்னாகும், முட்டை பழுக்குறதுக்கு முன்னாடியே "எல்லாம் ரெடி"ன்னு பிட்யூட்டரி நெனச்சுட்டு எல்ஹெச்ச ஏத்திரும். கண்மாய் நிறையுறதுக்கு முந்தியே மடைய தொறந்து விட்ட கதைதான். அப்புறம் நாம முட்டை எடுக்க போறப்ப ஃபாலிக்கிள் எல்லாம் காலியா கிடக்கும். இத்தன நாள் குத்துன ஊசி, செலவழிச்ச பணம் எல்லாம் போச்சு.

செட்ரோரெலிக்ஸ், அதே வகைல இன்னொரு ஊசியான கனிரெலிக்ஸ் ரெண்டுமே பிட்யூட்டரில அந்த கட்டளை வந்து உக்கார்ற எடத்துல, ஒரு பூட்டுன்னு வச்சுக்கோங்க, அதுல போய் தான் உக்காந்துக்கும். கட்டளை வந்தாலும் உள்ள போகாது, சில மணி நேரத்துலயே எல்ஹெச் எறங்கிரும். முட்டைய வளக்குறது நீங்க வெளிய இருந்து போடுற எஃப்எஸ்ஹெச், அது நேரா சினைப்பைக்கு போகுது, அத இது தொடவே தொடாது. அதனால வளர்ச்சி நிக்காது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, இத ஆரம்பிச்சுட்டோம்னு எஃப்எஸ்ஹெச் ஊசிய நிறுத்திறக் கூடாது, ரெண்டும் சேந்துதான் ஓடணும். ஒரு பொண்ணு "புது ஊசி குடுத்தாங்க, பழசு முடிஞ்சுதுன்னு நெனச்சேன்"னு ரெண்டு நாள் விட்டுட்டு வந்து நின்னா, அவ மேல தப்பே இல்ல, சொல்றவங்க சரியா சொல்லியிருக்கணும்.

லூப்ரோலைட் வேற வழில வேல செய்யும். அது கட்டளைய மாதிரியே நடிக்கும், மொதல்ல சுரப்பிய தட்டி எழுப்பி நெறைய சுரக்க விட்டு, விடாம தட்டிட்டே இருந்து ஒரு பத்து பதினாலு நாள்ல அத சோர்ந்து போக வைக்கும். அதான் அவ்வளவு நாள் ஆகுது, ஈஸ்ட்ரோஜனும் அடி மட்டத்துக்கு போறதால சூடு, வறட்சி, தலவலி. ப்ராஸ்டேட் கேன்சர்ல ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன கொறைக்க இந்த வகை மருந்த மாசக்கணக்குல பெரிய அளவுல குடுப்பாங்க, கடைக்கார பையன் சொன்னது அதத்தான். கேன்சர் செல்ல கொல்ற கீமோ மருந்து இல்ல இது. அதே சுரப்பி, அதே பூட்டு, அவங்களுக்கு வருஷக்கணக்குல, உங்களுக்கு அஞ்சு நாள். இந்த ஜிஎன்ஆர்ஹெச் எப்படி அமைஞ்சிருக்குன்னு 1971ல கண்டுபிடிச்ச ஷால்லி, கியூமான் ரெண்டு பேருக்கும் 1977ல நோபல் பரிசு குடுத்தாங்க, பத்தே பத்து அமினோ அமிலம் கோத்த சின்ன சங்கிலி அது, அதுல சிலத மாத்தி கோத்ததுதான் இந்த ஊசியெல்லாம்.

குழந்தைக்குன்னு பயப்படாதீங்க. கரு வைக்கிறதுக்கு முன்னாடியே இது உடம்ப விட்டு போயிரும். இந்த முறைல பிறந்த குழந்தைகள தொடர்ந்து பாத்த ஆய்வுகள்லயும் பிறவிக்குறை கூடுதலா வருதுன்னு தெரியல. ஆனா கர்ப்பமா இருக்குறப்ப போடுற மருந்து இல்ல, கிட்னி ரொம்ப மோசமா இருக்குறவங்களுக்கும் ஆகாது, முன்னாடி எந்த ஊசிக்காவது பெருசா அலர்ஜி வந்திருந்தா இன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லிருங்க.

வைகறை_2016, திங்கள் காலை:

மத்தவங்க சொல்றதுக்கு குறுக்க பேசுறேன்னு நெனைக்க வேண்டாம். நான் 2016ல லாங் ப்ரோட்டோகால்லதான் பண்ணேன், லூப்ரோலைட் 24 நாள், கஷ்டம்தான், ஆனா 22 முட்டை கெடச்சு இப்ப என் பையன் ஸ்கூல் போறான். இந்த குட்டி முறைல முட்டை கொறையும்னு அப்ப எங்க டாக்டர் சொன்னார். பணம் இவ்வளவு போட்டு பண்றப்ப கஷ்டம் பாக்காம நல்ல முறைய கேட்டு வாங்குறதுதான நல்லது? என் அனுபவத்த சொன்னேன்.

பச்சைக்கிளி_ஸ்டாஃப், திங்கள் காலை:

வைகறை மேடம், பையன் நல்லா இருக்கட்டும். உங்க டாக்டர் சொன்னது அப்ப நெறைய பேரு சொன்னதுதான், சராசரியா ஒண்ணு ரெண்டு முட்டை கொறையலாம்ங்கறதும் நெசம்தான். ஆனா முட்டை எண்ணிக்கைய விட்டுட்டு குழந்தை பிறக்குறத வச்சு ரெண்டு முறையையும் ஒப்பிட்டு, மருத்துவ ஆய்வுகள தொகுக்குற காக்ரேன் காரங்க 2016ல தொகுத்து போட்டதுல பெரிய வித்தியாசம் தெரியல, சினைப்பை வீங்கி வயித்துல நீர் கோக்குற ஓஹெச்எஸ்எஸ் மட்டும் இந்த முறைல தெளிவா கொறைஞ்சிருக்கு. பிசிஓஎஸ், ஏஎம்ஹெச் 7.4, ரெண்டு பக்கமும் நெறைய ஃபாலிக்கிள், இந்த தங்கச்சிக்கு அந்த நீர் கோக்குறதுதான் பயம். 22 முட்டை எடுத்துட்டு மூச்சு விட முடியாம ஐசியூல கிடந்தவங்கள நான் பாத்திருக்கேன். ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவ சங்கத்தோட 2019 வழிகாட்டிலயும் பிசிஓஎஸ்காரங்களுக்கு இந்த முறையத்தான் சொல்லியிருக்காங்க. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் மாதிரி திசு வெளிய வளர்றது) மாதிரி வேற பிரச்சன இருந்தா டாக்டர் வேற மாதிரி முடிவு பண்ணலாம், அது ஆளுக்கு ஆள் மாறும்.

வைகறை_2016, திங்கள் காலை:

எனக்கும் முட்டை எடுத்த அப்புறம் ஒரு வாரம் அட்மிட் ஆனேன், நாலு கிலோ ஏறிருச்சு, அது எல்லாருக்கும் வர்றதுதான்னு நெனச்சுட்டு இருந்தேன் இத்தன வருஷமா. விளக்கி சொன்னதுக்கு நன்றி சிஸ்டர். தாமரை, நான் சொன்னத மனசுல வச்சுக்காத, உங்க டாக்டர் சொல்றபடி போ.

கரிசல்_அப்பா (கோவில்பட்டி), திங்கள் காலை:

ஆம்பள எழுதலாமான்னு யோசிச்சுட்டுதான் எழுதுறேன், உங்க வீட்டுக்காரர் இத படிச்சா நல்லது. எல்லாரும் எப்படி போடணும்னு சொல்லிட்டாங்க, நான் நேரத்த பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா எங்களுக்கு போனது அதுலதான்.

மூணு வருஷம் முன்னாடி என் மனைவிக்கு இதே ஊசி, ராத்திரி 8 மணி. மூணாவது நாள் எங்க ஊருல கொடை. போகாம இருக்க முடியாது, அம்மா ஒத்துக்க மாட்டாங்க, எங்களுக்கு வைத்தியம் நடக்குறது வீட்டுல யாருக்கும் தெரியாது. சாமிய பாத்துட்டு ஏழு மணிக்கு கெளம்பி வந்துரலாம்னு நெனச்சுதான் ஊசிய ஃப்ரிட்ஜுலயே வச்சுட்டு போனோம். சாமி வர்றதுக்கு நடுராத்திரி ஆச்சு, அவளால எந்திரிச்சு போகலாம்னு வாய் தொறந்து சொல்ல முடியல, நானும் சொந்தக்காரங்களோட நின்னுட்டேன், மறந்தே போச்சு. காலைல ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ தொறந்ததும் அவ அப்படியே தரைல உக்காந்துட்டா. பதினோரு மணி நேரம் லேட்டு. போன் பண்ணா உடனே போட்டுட்டு நேரா கெளம்பி வாங்கன்னாங்க, ரத்தத்துல எல்ஹெச் பாத்தாங்க, ஏற ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்கு ராத்திரியே ட்ரிகர் ஊசி, அதான் முட்டைய கடைசியா பழுக்க வைக்கிற ஊசி, போட்டு எடுத்தாங்க, பதினோரு ஃபாலிக்கிள்ல நாலு முட்டை, அதுல ரெண்டுதான் பழுத்தது. கரு ஆகல.

அதுக்கப்புறம்தான் டாக்டர் சொன்னார், ரெண்டு ஊசிக்கு நடுவுல 30 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, கடைசி ஊசிக்கும் ட்ரிகருக்கும் நடுவுலயும் அதே கணக்குதான்னு. நாங்க அத முன்னாடியே கேட்டு தெரிஞ்சுக்கல. நான் அன்னைக்கு என் வேலைய செய்யல, அவ வயித்துல குத்திக்கிட்டா, மணி பாக்குறதாவது என் பொறுப்பா இருந்திருக்கணும். அடுத்த சைக்கிள்ல என் போன்ல மூணு அலாரம், ஐஸ் பை, ஊசி எங்க போனாலும் என் தோள்ல. பொண்ணு பிறந்து பதினாறு மாசம் ஆச்சு.

ராஜபாளையத்துல இருந்து மதுரைக்கு போய்ட்டு வர்றீங்கன்னா ஊசிய ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சு போச்சுன்னா வீணாயிரும், நடுவுல ஒரு துண்டு சுத்தி வைங்க. வீட்டு ஃப்ரிட்ஜுல ஃப்ரீசர ஒட்டியும் வேண்டாம், கதவுலயும் வேண்டாம், நடுத்தட்டுல. ரொம்ப நேரம் கரண்ட் போச்சுன்னா டப்பால போட்டிருக்குற அளவ பாத்துட்டு ஆஸ்பத்திரில கேட்டு போடுங்க, நீங்களா முடிவு பண்ண வேண்டாம்.

தாமரைஇலை, திங்கள் இரவு:

ஊசி போட்டுட்டு வந்துட்டேன். செவ்வந்தி அக்கா சொன்ன அதே சிவப்பு, அதே அரிப்பு, நீங்க சொல்லலன்னா அங்கயே மயங்கி விழுந்திருப்பேன். சிஸ்டர், நீங்க எழுதுனத பஸ்ஸுல நாலு தடவ படிச்சேன். கரிசல் அண்ணா, உங்க பதிவ அவருக்கு அனுப்பி வச்சேன், படிச்சுட்டு ஒண்ணும் பேசல, பத்து நிமிஷம் கழிச்சு "தினம் 6:45க்கு நான் கூப்புடுவேன், போட்டு முடிக்கிற வரைக்கும் லைன்லயே இருப்பேன்"னு அனுப்பினார்.

முல்லைக்கொடி, செவ்வாய்:

எல்லாரும் பேசுறப்ப நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். எனக்கு ஏஎம்ஹெச் 0.9, வயசு 37. எங்க ஆஸ்பத்திரில இந்த ஊசிக்கு பதிலா தினம் ப்ரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை போடலாம், செலவும் கொறையும்னாங்க. மாத்திரை போட்டா இந்த தடுக்குற வேல நடக்குமா, இல்ல காசு இல்லாதவங்கன்னு கொறைச்ச வைத்தியம் தர்றாங்களா?

பச்சைக்கிளி_ஸ்டாஃப், செவ்வாய்:

கொறைச்ச வைத்தியம் இல்லம்மா. ப்ரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரையும் எல்ஹெச் ஏறாம தடுக்கும், முட்டை ஊசியோடயே ஆரம்பிச்சு ட்ரிகர் வரைக்கும் தினம் போடுவாங்க. அதுல ஒரே நிபந்தனை, அந்த மாத்திரை கர்ப்பப்பை உள்சுவர மாத்திரும், அதனால அதே மாசம் கரு வைக்க முடியாது, எல்லாத்தையும் உறைய வச்சு அப்புறம்தான். கருவ உடனே வைக்கணும்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் ஊசி. உங்க டாக்டர் எப்படியும் உறைய வைக்கத்தான் போறாருன்னா மாத்திரை நல்ல வழிதான். "அதே மாசம் வைக்க போறீங்களா"ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

தாமரைஇலை, சனி மாலை:

சிஸ்டர் இருக்கீங்களா, அவசரம். இன்னைக்கு ஸ்கேன்ல 18, 18, 17ன்னு வந்துருச்சு, ராத்திரி 10:30க்கு ட்ரிகர், திங்கள் காலை 9:30க்கு முட்டை எடுக்குறாங்க. ரெண்டு விஷயம் புரியல. இன்னைக்கு சாயங்காலம் செட்ரோரெலிக்ஸ் வேண்டாம்னுட்டாங்க, நேத்து 7 மணிக்கு போட்டது அஞ்சாவது, அதோட சரியாம். ஆனா அங்க வந்த இன்னொரு பொண்ணுக்கு ட்ரிகர் அன்னைக்கும் போட சொல்லியிருக்காங்க. ரெண்டாவது, ட்ரிகருக்கு வழக்கமா போடுற ஹெச்சிஜி ஹார்மோன் ஊசி இல்லையாம், லூப்ரோலைட்டாம். அது தடுக்குற ஊசிதான, எங்க பெரியம்மா பொண்ணு போட்டது. தப்பா எழுதிட்டாங்களோன்னு கை நடுங்குது.

பச்சைக்கிளி_ஸ்டாஃப், சனி மாலை:

தப்பில்ல தப்பில்ல, ரெண்டுமே சரி. அந்த பொண்ணு காலைல போடுறவங்களா இருக்கும். காலைல போடுறவங்களுக்கு ட்ரிகர் நாள் காலையும் உண்டு, சாயங்காலம் போடுறவங்களுக்கு மொத நாள் சாயங்காலத்தோட முடிஞ்சுது. நீங்களே கணக்கு போடுங்க, நேத்து ராத்திரி 7ல இருந்து இன்னைக்கு 10:30 வரைக்கும் 27 மணி நேரம் சொச்சம், 30க்குள்ளதான் இருக்கு.

லூப்ரோலைட் மொதல்ல தட்டி எழுப்பும்னு சொன்னேன்ல. தொடர்ந்து போட்டாதான் சுரப்பி சோரும், ஒரு தடவ மட்டும் போட்டா அந்த எழுப்புறது மட்டும்தான் நடக்கும். செட்ரோரெலிக்ஸ் பூட்டுல உக்காந்துதான் இருக்கு, ஒட்டிக்கல, லூப்ரோலைட் வந்தா அத தள்ளிட்டு உக்காந்து உங்க சொந்த எல்ஹெச்சயே ஒரு நாள் ஏத்தி விட்டு எறங்கிரும், முட்டை பழுத்துரும். ஹெச்சிஜி போட்டா அது உடம்புல நாள் கணக்கா நின்னு சினைப்பைய தூண்டிக்கிட்டே இருக்கும், உங்கள மாதிரி முட்டை நெறைய இருக்குறவங்களுக்கு நீர் கோக்குறது அதுலதான். லாங் முறைல போறவங்களுக்கு சுரப்பி ஏற்கனவே சோர்ந்து கிடக்குறதால இந்த வழி கெடையாது. உங்களுக்கு டாக்டர் இந்த முறைய எடுத்ததுக்கு முக்கிய காரணமே இதுவாத்தான் இருக்கும். இந்த ட்ரிகர் போட்டா பொதுவா அதே மாசம் கரு வைக்க மாட்டாங்க, அதையும் கேட்டுக்கோங்க. 10:30ன்னா 10:30, அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆனா பரவால்ல, ஆனா தூங்கிறாதீங்க.

கரிசல்_அப்பா, சனி இரவு:

தம்பி இன்னைக்கு ஊருல இருப்பார்ல? அலாரம் வச்சாச்சா?

தாமரைஇலை, சனி இரவு:

இருக்கார் அண்ணா, ஒம்போது மணில இருந்து கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கார். போட்டாச்சு, 10:31.

தாமரைஇலை, செவ்வாய்:

நேத்து எடுத்தாங்க. 17 முட்டை, 13 பழுத்தது. எத்தன கரு ஆகுதுன்னு அஞ்சாம் நாள் சொல்வாங்க, எல்லாத்தையும் உறைய வச்சு ரெண்டு மாசம் கழிச்சுதான் வைப்போம்னாங்க. வயிறு கொஞ்சம் உப்பிசமா இருக்கு, எடை காலைல பாத்தேன், ஏறல. ஒரே நாள்ல கிலோ கணக்குல ஏறுனா, ஒண்ணுக்கு கொறைஞ்சா, வாந்தி நிக்கலன்னா, மூச்சு வாங்குனா உடனே வரணும்னு எழுதி குடுத்திருக்காங்க, அத்தைட்டயும் சொல்லிட்டேன். ஆமா, அத்தைட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், சனிக்கிழம ராத்திரி இவர் கடிகாரத்த பாத்துட்டு உக்காந்திருந்தத பாத்து அவங்களே வந்து கேட்டாங்க. ஒண்ணும் திட்டல. தினம் இளநீ வெட்டி வைக்கிறாங்க.

முல்லைக்கொடி அக்கா, நீங்க ஒருவேள ஊசின்னு முடிவு பண்ணா நான் எடுத்த வீடியோ இருக்கு, நர்ஸ் கை மட்டும்தான் தெரியும், நாலு நிமிஷம், பாட்டில கவுத்து சாச்சு எடுக்குறது வரைக்கும் இருக்கு. கேளுங்க, அனுப்புறேன்.